கடுவன் என்று பேரெடுத்தவள்

அத்தியாயம் 9

கெங்கம்மாள் அக்கா எங்கள் வாசலில் நின்று, "உங்க ஊட்டுக் கடுவன் என் பூனையோட குட்டிங்கள முழுங்கிடுச்சு" என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டதைப் போன வாரம் எழுதியிருந்தேன். அது நடந்தது வியாழக்கிழமை. இன்று சொல்லப்போவது ஞாயிற்றுக்கிழமையை.

நடுவில் படிக்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம். என் கணவர் சுமதிகுமார் திண்டிவனத்தில் நூலகராக இருந்தவர். எண்பத்து மூன்றாம் வருடம் தை மாதத்தில் காலமானார். அதற்குப் பிறகு வீட்டில் நான், பத்து வயது மகள் ஜெயமதி, விழுப்புரம் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த என் கொழுந்தன் அப்பாண்டைராஜ், அப்புறம் முத்து. முத்து எங்கள் பூனை.

நயினார் என்று ஊரார் அழைக்கும் எங்களைப் போன்ற சமணர் வீட்டில் பூனை வளர்ப்பதை எங்கள் உறவில் யாரும் ரசிக்கவில்லை. "அது திங்கிற எலியோட பாவம் சோறு போடுறவங்களுக்கும் உண்டு" என்று சொல்லாத ஆள் இல்லை. என் கணவர் கேட்டுக்கொண்டு சிரிப்பார். ஆனால் யாராவது, "கடுவன் நல்லா கொழுத்திருக்கே" என்றால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும்.

"கடுவன் இல்லைங்க. அவ பொண்ணு."

பெரிய தலை, அகன்ற கன்னம், சாம்பல் வரி. போதாததற்கு முத்து என்று பெயர். பார்க்கிறவர்கள் எல்லாரும் ஆண் என்றுதான் நினைத்தார்கள். பால்காரர் முதல் போஸ்ட்மேன் வரைக்கும் அவர் சளைக்காமல் திருத்தினார். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், "அவ சாப்பிட்டாளா?" என்று என்னைக் கேட்டார். பக்கத்துக் கட்டில்காரர் மகளைக் கேட்பதாக நினைத்து, "சாப்புட்டிருக்கும் சார், கவலப்படாதீங்க" என்று தேற்றினார்.

அவர் போன பிறகு திருத்துகிற வேலை எனக்கு வந்தது. ஒரு பூனைக்காக இவ்வளவா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கே அந்தக் கேள்வி இருந்தது. ஒரு ஜீவன் நம்மோடு நாலு வருஷம் இருந்திருக்கிறது. எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும், எந்தக் கிண்ணத்தில் வைத்தால் குடிக்கும் என்று தெரியும். வழியில் போகிறவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேறு யாரோ ஒருவனை அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டுப் போகிறார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

ஆனால் நான் திருத்தியபோது ஆட்கள் வாதாடவில்லை. "சரிம்மா, சரிம்மா" என்றார்கள். முகத்தில் ஒரு இரக்கம். தாலி இழந்தவள் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்கிற இரக்கம். அது கசந்தது. ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

ஆனி மாதம் முத்துவின் வயிறு பெருத்தது. "ஊரான் ஊட்டுக் கோழிக்குஞ்சா தின்னுட்டு எப்படி ஆயிட்டான் பாருங்க அண்ணி" என்றான் அப்பாண்டைராஜ். சூல் என்று எனக்குத் தெரியும். மறுபடியும் அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ள மனமில்லாமல் பேசாமல் இருந்தேன். பிறகு திடீரென்று மெலிந்து வந்தாள். குட்டிகளை எங்கே வைத்திருக்கிறாள் என்று தேடினேன். கிடைக்கவில்லை. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த மௌனத்துக்கான கூலி ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அப்பாண்டைராஜைப் பார்க்க அனந்தபுரத்திலிருந்து பெண் வீட்டார் வருவதாக ஏற்பாடு. ஐந்து மாதம் துக்கம் விசாரிக்கிறவர்கள் மட்டுமே ஏறிய படியில் முதல்முறையாக ஒரு நல்ல காரியம் ஏற இருந்தது. விடிந்ததிலிருந்து வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். முத்துவின் பால் கிண்ணம் வைத்தபடியே இருந்தது.

பத்து மணிக்கு அப்பாண்டைராஜ் வெளியிலிருந்து வந்தான். கையில் காலிச் சாக்கு. குழாயடியில் காலை வெகுநேரம் கழுவினான்.

"தம்பி, முத்துவப் பாத்தியா?"

"கோச்சிக்காதீங்க அண்ணி. விட்டுட்டு வந்துட்டேன்."

"எங்க?"

"விழுப்புரத்துல. கூட்ஸ் ஷெட்டாண்ட. காலைல பாசஞ்சர்ல எடுத்துக்கினு போயி விட்டுட்டேன். அங்க மல்லாட்ட மூட்டையா அடுக்கியிருக்கு, எலிக்குப் பஞ்சமில்ல. பட்டினி கெடக்க மாட்டான்."

"ஏன்?"

"சாயங்காலம் அவங்க வர்ற நேரத்துல கெங்கம்மாக்கா வந்து குட்டியத் தின்னுச்சுன்னு கத்துனா என்ன ஆவும்? நயினார் ஊட்டுல ஒரு கொலகாரன வெச்சுக்கினு இருக்கோம்னு பேசமாட்டாங்களா? நமக்கும் பாவம் வேணாம், அதுக்கும் நல்ல எடம். அப்படித்தான் நெனச்சேன்."

"சாக்க மூணு சுத்து சுத்துனியா?"

தலையைக் குனிந்தான். "சுத்துனேன். விக்கிரவாண்டி ஆத்தையும் தாண்டித்தான் கொண்டுபோனேன்."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள். சாக்கில் போட்டு மூன்று சுற்றுச் சுற்றினால் திசை மறந்துவிடும், ஆற்றைத் தாண்டிவிட்டால் பூனை திரும்பாது. ஒரு குறையும் வைக்காமல் செய்து முடித்திருந்தான்.

நான் வாய் திறப்பதற்குள் உள்ளறையிலிருந்து ஜெயமதி கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பா அலமாரிக்குள்ள ஏதோ அழுவுது."

ஐந்து மாதமாக நான் திறக்காத அலமாரி அது. கீழ்க்கதவின் கொக்கி எப்போதும் சரியாக விழாது. திறந்தேன். அவருடைய வேட்டிகளை மடித்து வைத்திருந்த தட்டில், மேல் வேட்டியைக் கலைத்துக் குழியாக்கி, கண் திறக்காத மூன்று குட்டிகள். வாயை வாயைத் திறந்தன. சத்தம் நூல் மாதிரி வந்தது.

என் பின்னால் நின்ற அப்பாண்டைராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணி, இது..."

"நீ கொலகாரன்னு சொன்னியே, அவளோடதுதான்."

அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எறும்பு இருக்கும் என்று வாசல் கோலத்தைத் தாண்டிப் போகிறவன் அவன்.

ஜெயமதி பஞ்சைப் பாலில் நனைத்து வாயில் வைத்தாள். குட்டிகள் துப்பின. பால் கன்னத்தில் வழிந்ததே தவிர உள்ளே போகவில்லை. கைகளில் எடுத்தால் குளிர்ந்து கிடந்தன.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கெங்கம்மாள் அக்காவின் குரல். "ஏய் ஜெயமதி, இன்னாடி அங்க சத்தம்? குட்டி சத்தமாட்டம் கேக்குது?"

கேட்டுக்கொண்டே வந்துவிட்டார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு அலமாரிக்குள் எட்டிப் பார்த்தார். வியாழக்கிழமை அந்த வாயிலிருந்து வந்த வார்த்தைகளை நான் மறக்கவில்லை. அவரும் மறந்திருக்க மாட்டார்.

"ஆத்தாக்காரி எங்க?"

"விழுப்புரத்துல" என்றான் அப்பாண்டைராஜ், தரையைப் பார்த்தபடி.

"அடப்பாவி!" என்று அவனைப் பார்த்துச் சொன்னவர், சட்டென்று என் பக்கம் திரும்பினார். "நீ பொண்ணு பொண்ணுன்னு எத்தினி வாட்டி சொன்ன குசுமா. குட்டியத் திங்கிறது கடுவன்தான், நாந்தான் புத்திகெட்டுப் போயி..." முடிக்காமல் விறுவிறுவென்று வெளியே போனார்.

கோபித்துக்கொண்டு போகிறாரா என்று பார்த்தேன். இல்லை. அக்குளில் ஒரு வெள்ளைப் பூனையை இடுக்கிக்கொண்டு திரும்பினார். குட்டிகளைப் பறிகொடுத்த அவருடைய பூனை. மூன்று நாளாக வீடு முழுக்க அழுதுகொண்டு திரிந்த அந்தப் பூனையின் மடி பால் கட்டிக் கல்லாக இருந்தது.

"இது சேத்துக்குமான்னு தெரியாது. பாப்போம்" என்று அலமாரித் தட்டில் இறக்கிவிட்டார்.

வெள்ளை முகர்ந்தது. சீறியது. ஜெயமதி என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளை மறுபடி முகர்ந்தது. பிறகு ஒரு குட்டியின் தலையை ஒரு நக்கு நக்கிவிட்டுப் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. இரண்டு குட்டிகள் தட்டுத்தடுமாறிப் போய் மடியைப் பிடித்துக்கொண்டன. மூன்றாவது குட்டி எல்லாவற்றிலும் சின்னது. அது நெருங்கியபோது வெள்ளை பின்னங்காலால் தள்ளியது. நான் எடுத்து வைத்தேன். மறுபடியும் தள்ளியது.

கெங்கம்மாள் அக்கா அந்தச் சின்னதைக் கையில் எடுத்து வயிற்றைத் தடவிப் பார்த்தார். "ரெண்டு பொழச்சிக்கும். இது நிக்காது குசுமா. சாயங்காலத்துக்குள்ள பெத்தவ வந்தாத்தான் உண்டு."

"முத்துவத் தேடப் போறப்ப இதையும் எடுத்துக்கினு போங்கம்மா" என்றாள் ஜெயமதி. "இது கத்துனா முத்து எங்க இருந்தாலும் வரும்."

அடுக்கிலிருந்து ஒரு வேட்டியை எடுத்தேன். ஒரு நிமிஷம் தயங்கினேன். பிறகு கிழித்தேன். குட்டியைச் சுற்றிப் பிரம்புக் கூடையில் வைத்தேன்.

"நாலு மணிக்கு அவங்க வருவாங்களே அண்ணி" என்றான் அப்பாண்டைராஜ். சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினான்.

"வந்தா நான் பாத்துக்கிறேன், நீங்க ஜல்தியா கெளம்புங்க" என்றார் கெங்கம்மாள் அக்கா. அவர் பார்த்துக்கொள்வார் என்பதுதான் என் பயமே. ஆனால் யோசிக்க நேரமில்லை.

பஸ்ஸில் கூட்டம். மயிலம் தாண்டியதும் கூடைக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

"இன்னாம்மா அது? பூனையா? அரை டிக்கெட் போடவா?" என்றார் கண்டக்டர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் துணியை விலக்கிப் பார்த்தாள். "பாவம், கண்ணே தொறக்கல. ஆணா, பொண்ணா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "தெரியலம்மா. இது இன்னும் சொல்லல."

விக்கிரவாண்டியில் பஸ் வெகுநேரம் நின்றது. லாரிகள் வழிவிடவில்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது அப்பாண்டைராஜ் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை.

விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு வேகனில், மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காலையில் சாக்கை அவிழ்த்த இடத்தை அப்பாண்டைராஜ் காட்டினான். அங்கே ஒன்றுமில்லை. மூட்டை தூக்குகிறவர்களில் மாரியப்பன் என்பவர் அவனுக்குப் பழக்கம். தலைமுண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பூனையா சார்? கடுவனா, பொட்டையா?"

அப்பாண்டைராஜ் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன்: "பொட்டைங்க. குட்டி போட்டு அஞ்சு நாளுதான் ஆவுது."

"அதச் சொல்லுங்க மொதல்ல. கடுவன்னா இந்நேரம் ரோட்டத் தாண்டிப் போயிருக்கும், புடிக்க முடியாது. பால் குடுக்குற பூனை தூரம் போவாது. உட்ட எடத்தச் சுத்தியே எங்கியாச்சும் இருட்டா பாத்து பதுங்கிக்கினு இருக்கும். கூப்புட்டுப் பாருங்க."

கூப்பிட்டோம். முத்து, முத்து என்று அப்பாண்டைராஜ் மூட்டைகளுக்கு நடுவில் குனிந்து குனிந்து கூப்பிட்டான். ஷெட்டின் தகரக் கூரை அனல் கக்கியது. பதில் இல்லை. கூடையைத் திறந்து குட்டியை எடுத்தேன்.

குட்டி கத்தவில்லை.

வாயைத் திறக்கக்கூடத் தெம்பில்லாமல் உள்ளங்கையில் கிடந்தது. வேகன் சக்கரத்தின் பக்கத்தில் வைத்தேன். ஊதினேன், உலுக்கினேன். வயிறு மட்டும் ஏறி இறங்கியது.

"சத்தம் வந்தாத்தானே அதுக்குத் தெரியும்" என்றார் மாரியப்பன். "கொஞ்சம் கிள்ளி உடுங்க."

அப்பாண்டைராஜிடம் நீட்டினேன். "அண்ணி, என்னால ஆவாது" என்று பின்னால் போனான்.

தண்ணீரிலுள்ள சிற்றுயிர்கூடச் சாகக்கூடாது என்று வடிகட்டாமல் ஒரு வாய் குடித்தறியாதவள் நான். வேண்டுமென்றே ஒரு உயிரை நோகச் செய்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். குட்டியின் வால் நுனியை நகத்துக்கு நடுவில் வைத்து அழுத்தினேன். அது கத்தியது. அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு சத்தம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

வேகனுக்குள்ளிருந்து பதில் வந்தது.

ஏற்றி முடித்த மூட்டைகளின் இடுக்கிலிருந்து முத்துவின் தலை தெரிந்தது. உடம்பெல்லாம் கருப்பு மசகு. என்னைப் பார்க்கவில்லை, கொழுந்தனைப் பார்க்கவில்லை. குதித்து வந்து குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு, வந்த வேகத்தில் மறுபடி வேகனுக்குள் போய்விட்டாள்.

"ஐயோ, வேகன் கெளம்பிடப்போவுது" என்று அப்பாண்டைராஜ் பதறினான்.

"அட இருங்க சார். இன்னும் அம்பது மூட்ட ஏத்தணும். ஒண்ணும் பேஜாரு இல்ல, அது பால் குடுக்கட்டும். நாங்க அந்தப் பக்கமா அடுக்கிக்கிறோம்" என்றார் மாரியப்பன்.

மாரியப்பனிடம் டார்ச் வாங்கி அடித்துப் பார்த்தேன். சின்னது மடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கழுத்து அசைந்து அசைந்து இறங்கியது. குடிக்கிறது.

வேகன் நிழலில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அப்பாண்டைராஜ் தண்டவாளத்துக் கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன் போனப்புறம் நீங்க 'அவ, அவ'ன்னு சொல்றப்பல்லாம் நான் ஒண்ணும் பேசமாட்டேன் அண்ணி. அண்ணன் சொன்னத விடாம புடிச்சுக்கினு இருக்கீங்கன்னு நெனச்சேன். நெஜமா இருக்கும்னு தோணவே இல்ல."

"புடிச்சுக்கினுதான் இருந்தேன்" என்றேன். "நெஜம்ங்கிறதாலதான் புடிச்சுக்கினு இருந்தேன். நீ ஒரு வாட்டி வாலத் தூக்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவன் முகம் சிவந்தது. பிறகு எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூட்டை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே எடுக்கும்போது முத்து அவனுடைய இரண்டு முன்கைகளையும் கோடு கோடாகக் கிழித்தாள். வாங்கிக்கொண்டான். ஆனால் கையை விடவில்லை. கூடையில் தாயையும் பிள்ளையையும் வைத்து வாயைத் துணியால் கட்டினோம்.

திண்டிவனத்தில் இறங்கும்போது மணி ஐந்தரை. தெருமுனையிலேயே கெங்கம்மாள் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"கெடச்சாளா?"

"கெடச்சா அக்கா."

"சின்னது?"

கூடையைக் காட்டினேன். ஒரு விரலை உள்ளே விட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "ரொம்பி இருக்கு" என்றார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளையை அவர் தூக்கிக்கொண்ட பிறகு முத்துவை அலமாரியில் விட்டோம். இரண்டு குட்டிகளையும் முகர்ந்தாள். வேறு பூனையின் வாசனை. நான் பயந்துகொண்டே நின்றேன். தலை முதல் வால் வரை இரண்டையும் நக்கித் தன்னுடையதாக்கிக்கொண்டு படுத்துவிட்டாள்.

"அவங்க வந்தாங்களா?" என்று அப்போதுதான் அப்பாண்டைராஜ் கேட்டான்.

"வந்தாங்க, சித்தப்பா" என்றாள் ஜெயமதி. "நாலு பேரு. பொண்ணும் வந்தாங்க. தண்ணி வடிகட்டிக் குடுத்தேன். பொழுது சாயறதுக்குள்ள ஊருக்குப் போயி சாப்பிடணும்னு கெளம்பிட்டாங்க."

"என்ன சொன்னீங்கக்கா அவங்ககிட்ட?" என்றேன்.

"உள்ளதச் சொன்னேன்" என்றார் கெங்கம்மாள் அக்கா. "நான் கத்துனதையும் சொன்னேன், உன் கொழுந்தன் சாக்குல கட்டுனதையும் சொன்னேன். பொய் சொல்லி ஒரு கல்யாணம் வேணாம்ல?"

அப்பாண்டைராஜ் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"அந்தப் பொண்ணுதான் அலமாரிகிட்ட ரொம்ப நேரம் ஒக்காந்துக்கினு இருந்துச்சு. கெளம்புறப்ப அவங்க அப்பாகிட்ட என்னமோ சொல்லிச்சு. அவரு வந்து, வர்ற புதன்கிழம பையன எங்க ஊட்டுக்கு வரச்சொல்லுங்க, பொண்ணு அவருகிட்ட நேரா ஒரு கேள்வி கேக்கணுமாம்னு சொல்லிட்டுப் போனாரு."

"என்ன கேள்வி?"

"எங்கிட்ட எதுக்குச் சொல்லும்?"

இருட்டிவிட்டால் சமணர் வீட்டில் சாப்பிட மாட்டோம்; பொழுது இறங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. நான் நாலு பேருக்கும் தட்டு வைத்தேன். காலையிலிருந்து யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. கெங்கம்மாள் அக்கா மடியில் வெள்ளையோடு எங்கள் கூடத்தில் முதல்முறையாக உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கு இரண்டாவது தடவை சோறு வேண்டியிருந்தது. ஐந்து மாதத்தில் நான் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட சோறு அதுதான்.

அப்பாண்டைராஜ் மட்டும் கீறல் விழுந்த கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"என்ன கேப்பாங்க அண்ணி?"

"புதன்கிழம வரைக்கும் யோசி" என்றேன். "இப்ப சாப்பிடு. இருட்டப்போவுது."